ஒப்பந்தமும் ஒப்புதலும்

(தொழிலாளர் அணித் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் கூட்டம் என்றதும், உரிமை பற்றிப் பேசுவான் இவன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். உரிமை பற்றிப் பேசுவது எனக்கு எளிது. கேட்பது உங்களுக்கு இனிது. "கேட்போம்! கேட்டுப் பெறுவோம்! கிடைக்காவிடில் கிளர்ந்தெழுவோம்!" என்று நான் முழங்கினால், நீங்கள் கை தட்டுவீர்கள், நானும் மகிழ்ச்சியோடு மாலையைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். ஆனால் இன்று நான் பேச விரும்புவது அந்த எளிய பகுதி பற்றியன்று. அதற்கு அடுத்து வருகிறதே, கடினமான கட்டம், அது பற்றி.

கேட்டோம், போராடினோம், பேச்சு வார்த்தைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். நம் தலைவர்கள் உள்ளே சென்றார்கள். கதவு மூடிற்று. நாம் வெளியே காத்திருந்தோம். நாட்கள் ஓடின. கதவு திறந்தது. கையில் ஒரு தாளுடன் தலைவர் வெளியே வந்தார். "தோழர்களே! என்னால் இயன்றதைச் செய்தேன். கிடைத்தது இவ்வளவு. ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

அப்போது தொழிலாளி என்ன செய்ய வேண்டும்? தலைவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தலையாட்டுவதா? போதாது என்று தாளைக் கிழித்தெறிவதா? தலையாட்டினால் அது கட்டுப்பாடா, கையாலாகாத்தனமா? கிழித்தெறிந்தால் அது வீரமா, விவேகமின்மையா?

இந்தக் கேள்விக்கு ஏட்டிலிருந்து விடை தேட நான் விரும்பவில்லை. ஒரே தொழிலைச் சேர்ந்த மக்கள், ஒரே நாட்டிலே, மூன்று முறை இந்தக் கேள்வியைச் சந்தித்தார்கள். மூன்று முறையும் தலைவர்கள் பேசிக்கொண்டு வந்ததை "முடியாது" என்று மறுத்தார்கள். மூன்று முறையும் மூன்று விதமான விளைவு கண்டார்கள். அவர்களுடைய கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பு நீங்களே கூறுங்கள்.

நான் கூறுவது அமெரிக்க நாட்டுத் தபால்காரர்களின் கதை. டாலர் கொழிக்கும் நாடாயிற்றே, அங்கே தபால்காரனுக்கு என்ன குறை என்று எண்ணாதீர்கள். மாளிகை உயர்ந்த நாட்டிலே, மாளிகைக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவனும் மாளிகையில் வாழ்கிறான் என்பது பொருளல்ல!

1970ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அப்போது அங்கே தபால்காரராக வேலைக்குச் சேருபவருக்கு ஆண்டுக்கு 6,176 டாலர் ஊதியம். உச்ச ஊதியம் 8,442 டாலர். அந்த உச்சியை அடைய எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் தெரியுமா? 21 ஆண்டுகள்! மீசை அரும்பும் வயதிலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டவன், மயிர் நரைக்கும் வயதிலேதான் முழு ஊதியத்தைக் காண்பான். நியூயார்க் நகரத்திலே, வேலையில் இருந்துகொண்டே, ஏழைகளுக்கு அரசு தரும் உதவித் தொகைக்குத் தகுதி பெற்ற தபால் ஊழியர்கள் இருந்தார்கள்.

இவர்கள் ஊதிய உயர்வு கேட்டால் தருவது யார்? பாராளுமன்றம். அந்தப் பாராளுமன்றத்தார் 1969ஆம் ஆண்டிலே தங்கள் ஊதியத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டார்கள். எவ்வளவு? 30,000 டாலரிலிருந்து 42,500 டாலருக்கு! நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! தபால்காரருக்கோ நூற்றுக்கு ஐந்தோ ஆறோ என்று பேரம். தனக்குப் பந்தி, தபால்காரனுக்குப் பருக்கை!

வேலைநிறுத்தம் செய்யலாமே என்பீர்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது, இன்றும் நிற்கிறது. மத்திய அரசின் ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது குற்றம். 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஆயிரம் டாலர் அபராதமும் ஓராண்டும் ஒரு நாளும் சிறைவாசமும் விதிக்க இடமளித்தது. கூட்டாகப் பேரம் பேசி ஊதியம் முடிவு செய்யும் உரிமையும் கிடையாது. சங்கம் உண்டு, ஆனால் அது பாராளுமன்றத்தின் வாயிலிலே மனுவை ஏந்தி நிற்கும் சங்கம்.

அந்த நிலையிலே, 1970 மார்ச் 17ஆம் நாள், நியூயார்க்கின் 36ஆம் எண் கிளைச் சங்கத்துத் தபால்காரர்கள் கூடினார்கள். வேலைநிறுத்தமா, வேண்டாமா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டும் என்றோர் 1,555 பேர். வேண்டாம் என்றோர் 1,055 பேர்.

தோழர்களே, இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். வரலாற்றுப் புகழ் பெற்ற அந்த வேலைநிறுத்தம், எல்லாரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்துத் தொடங்கியதன்று. ஐவருக்கு இருவர் அஞ்சினார்கள். அஞ்சியதிலே இழிவில்லை, சிறைச்சாலை கண்முன் நிற்கிறது, வீட்டிலே குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் வாக்கு எண்ணி முடிந்தபின், வேண்டாம் என்றவரும் வேண்டும் என்றவரோடு வந்து நின்றார். நள்ளிரவு கடந்ததும் மறியல் தொடங்கிற்று. நகரத்திலிருந்து நகரத்துக்குத் தீப்போல் பரவிற்று. எட்டு நாட்களிலே ஒன்றரை லட்சம் பேர் என்றும், இரண்டு லட்சம் பேர் என்றும் கணக்கிடும் அளவுக்கு ஊழியர்கள் வெளியேறி நின்றார்கள்.

மூன்றாம் நாள் என்ன நடந்தது? தேசியத் தலைவர்கள் தொழிலாளர் அமைச்சரைச் சந்தித்தார்கள். "முதலில் வேலைக்குத் திரும்பச் சொல்லுங்கள்; பிறகு பேசுவோம்" என்றது அரசு. தலைவர்கள் வந்து, "திரும்புங்கள்" என்றார்கள். முதல் முறையாகக் கேட்டது அந்தச் சொல்: "முடியாது!"

ஏன் முடியாது? தாளிலே ஊதியம் இல்லை. உறுதி மட்டுமே இருந்தது. உறுதியை உலையில் போட்டால் வேகுமா?

மார்ச் 23ஆம் நாள், குடியரசுத் தலைவர் நிக்சன் அவசர நிலை அறிவித்து, நியூயார்க் தபால் நிலையங்களுக்குப் பட்டாளத்தை அனுப்பினார். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை, கடிதக் கட்டைப் பிரித்து அடுக்க முடியாமல் திணறிற்று. எந்தத் தெருவின் கடிதம் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது, இருபது ஆண்டு நின்று நின்று கால் கடுத்தவனுக்குத்தானே தெரியும்! தபால்காரன் வேலை தரம் குறைந்த வேலை, யாரும் செய்யலாம் என்று எண்ணியிருந்தோருக்குப் பட்டாளமே பாடம் கற்பித்தது.

பிறகு பேச்சு நடந்தது. உண்மையான பேச்சு. நூற்றுக்கு 6 உயர்வு, 1969 டிசம்பரிலிருந்து கணக்கிட்டு நிலுவையுடன். தபால் இலாகாவைத் திருத்தி அமைக்கும் சட்டம் வந்ததும் மேலும் 8. உச்ச ஊதியத்தை 21 ஆண்டுகளில் அன்று, 8 ஆண்டுகளில் அடையலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்டம் கையெழுத்தாயிற்று. கூட்டுப் பேர உரிமை பிறந்தது. வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒருவர்கூட வேலையிலிருந்து நீக்கப்படவில்லை.

ஆனால், தோழர்களே, அந்தச் சட்டத்திலே ஒன்று கிடைக்கவில்லை. வேலைநிறுத்த உரிமை! அதற்கு ஈடாக நடுவர் முறை வந்தது. இரு தரப்பும் ஒத்துப் போகாவிட்டால், சங்கத்தின் சார்பில் ஒருவர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், பொதுவான நடுவர் ஒருவர் என மூவர் அமர்ந்து தீர்ப்பளிப்பர். அந்தத் தீர்ப்பு இறுதியானது. அதை உறுப்பினர் முன் வாக்குக்கு வைப்பதில்லை. இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; அடுத்து வரும் இரண்டு கட்டங்களும் இதன்மீதுதான் நிற்கின்றன.

இரண்டாவது கட்டம், 1978. விலைவாசி விஷம்போல் ஏறிக்கொண்டிருந்த காலம். சங்கத் தலைவர்கள் பேசி முடித்துத் தாளைக் கொண்டுவந்தார்கள். விலை ஏற ஏறப் பஞ்சப்படி ஏற வேண்டும் அல்லவா? அந்தத் தாளிலே பஞ்சப்படிக்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. விலைவாசிக்குக் கூரை இல்லை. பஞ்சப்படிக்கு மட்டும் கூரை! சில இடங்களில் ஊழியர்கள் சங்கத்தின் அனுமதியின்றியே வேலையை நிறுத்தினார்கள். பலர் வேலை இழந்தார்கள். தபால்காரர்களிடம் வாக்குக்கு வந்தபோது ஒப்பந்தம் மறுக்கப்பட்டது. வழக்கு நடுவரிடம் போயிற்று.

நடுவர் ஹீலி என்பார் செப்டம்பரிலே தீர்ப்பளித்தார். பஞ்சப்படியின் உச்ச வரம்பு நீங்கிற்று. வெற்றி! "முடியாது" என்றதற்குப் பலன்! ஆனால் அதே தீர்ப்பிலே இன்னொரு வரி இருந்தது. அதுவரை ஆட்குறைப்பிலிருந்து எல்லா ஊழியருக்கும் பாதுகாப்பு இருந்தது. இனி, ஏற்கெனவே வேலையில் இருப்போருக்கு ஆயுள் முழுதும் அந்தப் பாதுகாப்பு. புதிதாகச் சேருவோருக்கு ஆறு ஆண்டு பணியாற்றிய பிறகே அது.

கவனித்தீர்களா? விலை கொடுத்தது யார்? வாக்களித்தவர் அல்லர்! வாக்களிக்கும்போது வேலையிலேயே சேராதிருந்தவர்! பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த பிள்ளை! அவன் பெயரிலே கடன் எழுதப்பட்டது; அவனைக் கேட்காமலே எழுதப்பட்டது.

யார்மீதும் பழி சுமத்த இதைச் சொல்லவில்லை. பேரம் நடக்கும் அறையிலே எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டச் சொல்கிறேன். முதலாளிக்கு நாற்காலி உண்டு. சங்கத் தலைவருக்கு நாற்காலி உண்டு. நடுவருக்கு நாற்காலி உண்டு. நாளை வேலைக்கு வரப்போகும் தம்பிக்கு நாற்காலி இல்லை. விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது, இருப்பவனுடையதை எடுத்தால் அவன் கத்துவான். வரப்போகிறவனுடையதை எடுத்தால் யார் கத்துவார்?

35 ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியிலே, இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அப்போதும் நடுவர் தீர்ப்புத்தான். புதிதாக வருவோர் நிரந்தரமல்லாத உதவியாளராகத் தொடங்க வேண்டும். நிரந்தரமானால் அவர்களுக்குத் தனி ஊதிய அட்டவணை. உச்சிப்படி பழையவருக்கும் புதியவருக்கும் ஒன்றே. ஆனால் புதியவர் ஏறத் தொடங்கும் படி மிகத் தாழ்வு. உச்சியை அடைய எத்தனை ஆண்டு? 1970இன் போராட்டம் 21ஐ 8 ஆக்கியது என்றேனே, அது மெல்ல மெல்லப் பன்னிரண்டுக்கு மேல் ஏறிவிட்டது! ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே பை. ஊதியம் மட்டும் இருவகை. முன்னே நடப்பவனுக்கு ஓர் அட்டவணை. பின்னே நடப்பவனுக்கு வேறோர் அட்டவணை!

இப்போது மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன்.

பழைய ஒப்பந்தம் 2023 மே 20ஆம் நாள் முடிந்தது. பேச்சு வார்த்தை நடந்தது, நடந்தது, நடந்துகொண்டேயிருந்தது. ஏறத்தாழ 17 மாதங்கள்! 2024 அக்டோபர் 18ஆம் நாள் கதவு திறந்தது, தாள் வந்தது. தாளில் என்ன? ஆண்டுக்கு நூற்றுக்கு 1.3 வீதம் மூன்று உயர்வுகள். பஞ்சப்படி தனியே உண்டு. ஊதிய ஏணியின் அடிப்படிகள் சில நீக்கப்பட்டன. நிலுவைத் தொகையும் உண்டு.

இரண்டு லட்சம் தபால்காரர்களின் முன்னே அந்தத் தாள் வைக்கப்பட்டது. வாக்குச் சீட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. தன் விதியைத் தானே தீர்மானிக்கும் சீட்டைத் தானே தன் பையில் சுமந்து சென்று சேர்த்தான் தபால்காரன்!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். அந்த நாட்களிலே ஒரு தபால் நிலையத்தின் பின்கட்டிலே, அதிகாலையிலே, கடிதங்களை அடுக்கிக்கொண்டே இருவர் வாதிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மூத்தவர். மற்றவன் 2013க்குப் பின் சேர்ந்த இளையவன். பேச்சு என் கற்பனை. அவர்கள் எடுத்து வைக்கும் காரணங்கள் கற்பனையல்ல. நம் தமிழிலேயே பேசட்டும் அவர்கள்.

மூத்தவர்: தம்பி, சீட்டு வந்துவிட்டதா? ஏற்கிறேன் என்று எழுது. எழுதிவிட்டு வேலையைப் பார்.

இளையவன்: நூற்றுக்கு ஒன்றே காலுக்குச் சற்று மேல், அண்ணா! 2022 ஜூனிலே விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு ஒன்பது ஏறிற்றே! 2020இல் பெருந்தொற்று வந்தபோது ஊரெல்லாம் கதவடைத்துக்கொண்டது. நாம் வீடு வீடாகப் போனோம். அதற்கு விலை இதுதானா?

மூத்தவர்: பஞ்சப்படியை மறந்து பேசுகிறாயே.

இளையவன்: மறக்கவில்லை. அது விலை உயர்வு முழுவதையும் ஈடு செய்வதில்லை. உதவியாளராக இருப்பவனுக்கு அதுவும் இல்லை. அதற்குப் பதிலாக நூற்றுக்கு ஒன்று கூடுதல், அவ்வளவே.

மூத்தவர்: சரி, மறுத்தாய் என்றே வைத்துக்கொள். பிறகு? நடுவரிடம் போகும். நடுவர் தீர்ப்பு உன்னிடம் வாக்குக்கு வருமா? வராது. இந்தத் தாளைத்தான் நீ மறுக்க முடியும்; அடுத்த தாளை மறுக்க முடியாது. 2013ஐ நினைத்துப் பார். உன் தலையில் விழுந்த அந்த அடி நடுவர் கையால் விழுந்ததுதானே?

இளையவன்: அதனால்தான் மறுக்கிறேன். அந்த அடி விழுந்தபோது எனக்கு வாக்கு இல்லை. இப்போது இருக்கிறது.

மூத்தவர்: வேலைநிறுத்தம் செய்ய முடியுமா உன்னால்? 1981இல் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினாரே ரீகன்! அதே சட்டம்தான் நம் தலைமேலும் தொங்குகிறது.

இளையவன்: எதைக் கொடுத்தாலும் ஏற்பேன் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அண்ணா, எதிரே இருப்பவன் எதற்காக அதிகம் கொடுப்பான்? ஒப்புதல் கேட்பது சடங்காகிவிட்டால், ஒப்பந்தம் வெறும் அறிவிப்பாகிவிடும். பதினேழு மாதம் உள்ளே என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொன்னார்களா? கேட்டோம், காத்திரு என்றார்கள். காத்திருந்தோம். இனி அவர்கள் காத்திருக்கட்டும், நம் விடைக்காக.

தோழர்களே, இந்த இருவரில் யார் துரோகி, யார் வீரன் என்று கேட்டால், நான் விடை கூற மாட்டேன். இருவரும் தபால்காரர். இருவரும் சங்கத்தின் பிள்ளைகள். மூத்தவர் பேசியது கோழைத்தனமன்று, பட்டறிவு. இளையவன் பேசியது பிடிவாதமன்று; பட்ட காயம்.

2025 ஜனவரி 31ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏற்போர் 26,304. மறுப்போர் 63,680. பத்துக்கு ஏழு பேர் "முடியாது" என்றார்கள்!

இந்த எண்ணிக்கையை நான் எப்படிப் படிக்கிறேன் தெரியுமா? 2013இலே அறைக்குள் நாற்காலி இல்லாதிருந்தானே, அந்தத் தம்பி வந்து சேர்ந்துவிட்டான்! பன்னிரண்டு ஆண்டுகள் பை சுமந்து, வெயிலிலும் பனியிலும் நடந்து, கையில் வாக்குச் சீட்டுடன் வந்து நின்றுவிட்டான். அவன் பெயரில் எழுதிய கடனுக்கு அவன் கணக்குக் கேட்டான். அவன் மட்டுமல்லன், மூத்தவர்களிலும் பலர் அவனோடு நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துக்கு ஏழு வராது.

பிறகு என்ன? மூத்தவர் சொன்னபடி வழக்கு நடுவரிடம் சென்றது. 49 நாட்கள் கழித்து, மார்ச் 21ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முதல் உயர்வு 1.3. இரண்டாவது 1.4. மூன்றாவது 1.5.

கூட்டிப் பாருங்கள். மறுத்த தாளிலே 3.9. தீர்ப்பிலே 4.2. நூறு டாலருக்கு முப்பது சென்டு! ஊதிய ஏணியைப் பற்றிய வேறு விதிகளும் உண்டு. ஆனால் பொது உயர்வின் கணக்கு இதுதான். இந்த முப்பது சென்டுக்காகவா இவ்வளவு ஆரவாரம் என்று ஏளனம் பேசுவோர் பேசலாம்.

நான் ஏளனம் பேச மாட்டேன். எக்காளமும் ஊத மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 1970இலே "முடியாது" என்றதன் பின்னே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். ஆகவே மலை அசைந்தது. 1978இலே வாக்கும் ஓரளவு கிளர்ச்சியும் நின்றன. பாதி கிடைத்தது, பாதி பறிபோயிற்று. 2025இலே "முடியாது" என்பதன் பின்னே வாக்குச் சீட்டு மட்டும் நின்றது. ஆகவே முப்பது சென்டு கிடைத்தது. சொல் ஒன்றேதான். சொல்லின் பின்னே நிற்கும் வலிவுதான் வேறு வேறு.

இதுதான், தோழர்களே, நான் இன்று உங்கள் முன்னே வைக்க விரும்பும் உண்மை. "முடியாது" என்பது முடிவன்று, தொடக்கம். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்பவன், தன் வாக்கைத் தானே வீணாக்குகிறான். "முடியாது" என்று எழுதுகிற கை, மறுநாள் முதல் கிளை கிளையாகச் சென்று ஆள் சேர்க்க வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், பொதுமக்களிடம் நியாயத்தை விளக்க வேண்டும். அதற்குத் துணிவில்லையேல், "சரி" என்று எழுதுவது நேர்மை. ஆனால் அந்தச் "சரி"யும் கண்ணைத் திறந்துகொண்டு எழுதும் "சரி"யாக இருக்க வேண்டும். எதைப் பெற்றோம், எதை விட்டோம், விட்டது யாருடையது என்று தெரிந்து எழுதும் "சரி"!

தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மேடையில் அமர்ந்திருப்போரையும் சேர்த்தே சொல்கிறேன். நாளை நானே அந்த நாற்காலியில் அமர நேர்ந்தால் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். பேச்சு வார்த்தைக்குப் போகிறவர் தொழிலாளியின் தூதுவர்; எசமானர் அல்லர். தூதுவர் திரும்பி வந்து சொல்ல வேண்டியது இரண்டு: கிடைத்தது என்ன, கைவிட்டது என்ன. முதலாவதைத் தாரை தப்பட்டையோடு சொல்லி, இரண்டாவதை மூக்குத் துணியால் மூடினால், மூடிய இடத்திலிருந்தே ஒருநாள் புகை கிளம்பும். உறுப்பினர் மறுத்துவிட்டால் அதைத் துரோகம் என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையை வலுப்படுத்த அவர்கள் அனுப்பும் படை. 1970இலே நியூயார்க் கிளையிலே தலைவர்களை மீறி நின்ற சாதாரணத் தபால்காரர்களுள் ஒருவர் வின்சென்ட் சோம்ப்ரோட்டோ. 1978ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று தேசியச் சங்கத்துக்கே தலைவரானவர் அவர்தான். "முடியாது" என்றவன் இயக்கத்தை உடைக்க வந்தவன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது தொழிற்சங்கத்துக்கு மட்டும் பொருந்துவதா? கட்சி நடத்துகிறோம் நாம். கூட்டணி பேசுகிறோம்; உடன்பாடு காண்கிறோம்; இதைப் பெற்றோம், அதை விட்டோம் என்று அறிக்கை விடுகிறோம். தலைமையின் கையெழுத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? பேனாவிலிருந்தா? சுவரொட்டி ஒட்டிவிட்டுப் பசை காயாத கையோடு டீக்கடை வாயிலில் நின்று நம் கட்சிக்காக வாதாடுகிறானே, அந்தத் தொண்டனுடைய உள்ளத்தின் ஒப்புதலிலிருந்து வருகிறது! அவன் ஒப்பாத ஒப்பந்தம் காகிதம். அவன் ஒப்பிய ஒப்பந்தம் கற்கோட்டை.

ஆகவே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை உங்கள் ஆலையிலே, உங்கள் அலுவலகத்திலே, பணிமனையிலே ஓர் ஒப்பந்தத் தாள் உங்கள் முன் வரும். முதல் வரியில் உள்ள உயர்வை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். முதல் வரியில் உள்ள குறைவை மட்டும் படித்துவிட்டுக் கிழிக்கவும் கிழிக்காதீர்கள். கடைசி வரி வரை படியுங்கள். படித்து முடித்ததும், ஒரு நிமிடம் கண்ணை மூடி, அந்தக் காலி நாற்காலியை எண்ணிப் பாருங்கள். நாளை வேலைக்கு வரப்போகும் தம்பி, தங்கை அதிலே அமர்ந்து, "அண்ணா, என் பங்கை என்ன செய்தாய்?" என்று கேட்பதாகக் கருதுங்கள். அந்தக் கேள்விக்குத் தலை குனியாமல் விடை கூற முடியுமானால், ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதானால், மறுத்துவிட்டு, மறுப்பின் பின்னே மலையென நில்லுங்கள்.

ஏனென்றால், தோழர்களே, அந்தத் தம்பி வராமல் இருக்கப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டு ஆனாலும் வருவான். கையிலே வாக்குச் சீட்டோடு வருவான். அவன் வரும்போது, நம்மைக் கண்டு முகம் திருப்புவானா, "அண்ணா!" என்று தோளைத் தழுவுவானா என்பதை, இன்று நாம் இடும் கையெழுத்தே முடிவு செய்கிறது.